அத்தை வாங்காத சீட்டு

ஒரே தபசு காலத்தில் இரண்டு பேருடைய பாவங்களைச் சாமியாரிடம் ஒப்புவித்து, இரண்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு வந்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் வெயிலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் பேச்சை மாற்ற மாற்ற, எனக்கு இதைச் சொல்லியே தீர வேண்டும் என்றுதான் தோன்றும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரின் கடலோரத்தில், வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகும் பெரிய கோவிலைச் சேராத ஒரு சின்னப் பங்கு எங்களுடையது. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே நாங்கள் கத்தோலிக்க வேதத்தில் இருக்கிறோம் என்று அப்பா சொல்லுவார். சொல்லும்போது ஏதோ தானே கப்பலிலிருந்து இறங்கி வந்த மாதிரி ஒரு தோரணை வரும். அப்பா தபாலாபீசில் குமாஸ்தா. அவருடைய தங்கை, என் அத்தை, கோவிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். நான் அவள் வகுப்பில்தான் படித்தேன். வீட்டில் அத்தை என்றும் வகுப்பில் டீச்சர் என்றும் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். மாற்றிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பாஸ்கு திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய நாற்பது நாளும் எங்களுக்குத் தபசு காலம். அதற்குள் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்கிவிட வேண்டும். செய்ததற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டு உண்டு. தீப்பெட்டி அகலத்தில் ரோஸ் நிறக் காகிதம். அதில் ஒரு சிலுவை, வருஷம், கோவில் முத்திரை. பாவங்களைச் சொல்லி முடித்து, சாமியார் மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னதும், அவருக்கும் நமக்கும் நடுவே மறைப்பாக நிற்கும் சல்லடைப் பலகைக்குக் கீழே இருக்கும் சந்து வழியாக அந்தச் சீட்டை நீட்டுவார். வீட்டுக்கு வந்து பின்பக்கம் பெயரெழுதி, கோவில் மேசைமேல் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சாமியாருக்குக் கையாளாக இருந்து கோவில் கணக்கைப் பார்க்கும் உபதேசியார் நோட்டில் பெயருக்கு நேரே கோடு கிழித்துக்கொள்வார். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் கார்டு இருந்த காலம் அது. மோட்சத்துக்கும் ஒன்று இருப்பதில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் தபசு காலத்தின் முதல் ஞாயிறு, மேலிடத்திலிருந்து வந்த ஒரு நிருபத்தைச் சாமியார் பிரசங்கத்துக்குப் பதிலாக வாசித்தார். குருக்களும் விசுவாசிகளும் அனுசரிக்க வேண்டிய ஒழுங்குகள் என்று அதற்குத் தலைப்பு. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். ஒருசந்தி என்னும் உபவாச நாளில் எத்தனை வேளை சாப்பிடலாம், மாமிசம் விலக்கிய வெள்ளிக்கிழமையில் முட்டை சேருமா சேராதா, பெண்கள் முக்காடில்லாமல் கோவிலுக்குள் வரலாமா, குருக்கள் நாடகக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாமா என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது. திடீரென்று அம்மா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்ததில் தூக்கம் கலைந்தது. பதிதர்களுடைய கோவிலில் நடக்கும் ஆராதனையிலோ கலியாணத்திலோ நம்மவர்கள் பங்குகொள்வது கனமான பாவம், மனஸ்தாபப்பட்டாலன்றி, அதாவது செய்ததற்கு மனம் வருந்தினாலன்றி, அதற்கு மன்னிப்பு இல்லை என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஒழுங்கு இன்னும் சுருக்கமாக இருந்தது. பங்குப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களில் பாஸ்கு சீட்டுக் கொடுக்காதவர்கள் வேலையில் நீடிக்க முடியாது.

பதிதர் என்றால் பிராட்டஸ்தாந்துக்காரர்கள். நாங்கள் சேசு என்போம், அவர்கள் இயேசு என்பார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த நாளில் நம்மவர் ஒருவர் அவர்கள் கோவில் வாசலில் மழைக்கு ஒதுங்கினால்கூட, அதை உபதேசியாரிடம் போய்ச் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அத்தை மழைக்கு ஒதுங்கவில்லை. கலியாணத்துக்கே போயிருந்தாள்.

கலியாணம் தையல் டீச்சருடையது. ஒன்பது வருஷமாக அத்தையோடு அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அத்தைக்கு அவளை விட்டால் வேறு சிநேகிதி கிடையாது. அவள் ஒரு பிராட்டஸ்தாந்து வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும் வேலை போயிற்று. அப்பன் வீட்டுக் கதவும் அடைபட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ராயப்பேட்டையில் அவர்கள் கோவிலில் கலியாணம் நடந்தது. அத்தை இருந்ததில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஒளிக்காமல் மறைக்காமல் போய்விட்டு வந்தாள். பெண் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அது போதாதென்று அவர்களோடு சேர்ந்து பாட்டும் பாடினாளாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டபோது அத்தை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பொண்ணு பக்கத்து பெஞ்சு பூரா காலி அண்ணி. நான் ஒருத்திதான் நின்னேன். நானும் வாய மூடிக்கிட்டு நின்னா, அவளுக்குன்னு அங்க யாரு இருக்கா?"

நிருபம் வாசித்த வாரமே அத்தை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சனிக்கிழமை சாயங்காலம், பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. நான் அம்மாவோடு நின்றேன். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் எழுந்து வருகிறவள் அன்று வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது கையில் சீட்டு இல்லை. வரிசையில் இருந்த அத்தனை கண்களும் அந்த வெறுங்கையைப் பார்த்தன. அத்தை அதை முக்காட்டுக்குள் மறைத்துக்கொள்ளவில்லை; வீசிக்கொண்டுதான் நடந்தாள்.

நடந்ததை அவளே வீட்டில் சொன்னாள். எல்லாப் பாவங்களையும் சொல்லியிருக்கிறாள். சாமியார் கலியாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். போனது உண்மை, பாடினது உண்மை, ஆனால் மனஸ்தாபம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். மனஸ்தாபம் இல்லாவிட்டால் மன்னிப்புக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை மகளே என்று அவர் சொல்ல, சரி சாமி என்று எழுந்து வந்துவிட்டாள்.

அப்பாவுக்கு வந்த கோபத்தில் காபித் தம்ளர் உருண்டது. "ஒரு வார்த்த. மனஸ்தாபம்னு ஒரே ஒரு வார்த்த. சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமா? வேலை போயிடும், தெரியுதா உனக்கு?"

"நாக்கு தேயாதுண்ணே. ஆனா அது பொய். அந்த இடத்துல போய் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அம்மாவுக்கு வேறு யோசனை. மாம்பலத்துப் பக்கம் ஒரு கோவில் இருக்கிறது, அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, கலியாணத்தைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள், மற்றதை மட்டும் சொல்லிச் சீட்டு வாங்கிவிடலாம் என்றாள். அத்தை சிரித்தாள். "கோவில் மாறினா சர்வேசுரன் மாறிடுவாரா அண்ணி?"

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் வருஷா வருஷம் கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்கு மனஸ்தாபப்பட்டுச் சீட்டு வாங்கி வருவார். உயிர்த்த ஞாயிறு கழிந்த முதல் பந்தயத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடைய சீட்டு ஒரு வருஷமும் தவறியதில்லை.

அந்தத் தபசு காலத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்காக ஒருசந்தி இருந்தது அத்தை ஒருத்திதான். வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது என்பதால் நாங்கள் மிகுந்த பக்தியோடு வஞ்சிரம் மீன் வறுத்துச் சாப்பிட்டோம். அத்தை கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்றாள். தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போனாள். நன்மை வாங்கும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து முன்னால் போக, அவள் மட்டும் நட்டநடுவில் முழந்தாளில் இருப்பாள். போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்வரிசையில் போய் ஓர் ஓரமாக இருந்துகொள்ளலாம் அல்லவா? மாட்டாள். எப்போதும் இருக்கிற மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தாள். யாராவது முறைத்துப் பார்த்தால் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் பெருமை ஒரு பக்கம், மூன்றாம் வகுப்பு ஒரு பக்கம். அத்தை போனால் அவள் இடத்துக்கு யார் வருவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். நான்காம் வகுப்புக்குக் கணக்கெடுத்த ஒரு டீச்சர். தொடையில் கிள்ளினால் நிறம் மாற ஒரு வாரம் ஆகும். அத்தைக்காகத்தான் அதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என் தொடையும் அதில் பாதி இருந்தது என்பதை மறைப்பானேன்.

யோசித்துப் பார்த்ததில் விஷயம் மிகச் சுலபமாகத் தெரிந்தது. வேண்டியது ஒரு சீட்டு. சீட்டில் சாமியார் பெயர் எழுதுவதில்லை, நாம்தான் எழுதிக்கொள்கிறோம். என் சீட்டை ஏற்கெனவே வாங்கிப் பெட்டியில் போட்டாயிற்று. அத்தைக்கு மனஸ்தாபப்பட வரவில்லை. எனக்கு நன்றாக வரும். அப்படியென்றால் அத்தையின் பாவங்களை நானே போய்ச் சொல்லிவிட்டால் என்ன?

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் கோவிலில் கூட்டம் நெரிந்தது. அம்மாவின் பழைய முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. முழந்தாளிட்டால் தலை சல்லடைக்குக் கீழே போய்விடும், குழந்தை என்று சாமியார் கண்டுபிடித்துவிடுவார். அதனால் முழந்தாள் பலகைமேல் ஏறி நின்றுகொண்டேன். குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"சுவாமி, ஆசீர்வதியும், நான் பாவி. எனக்கு வயது முப்பத்திரண்டு."

எங்கள் சாமியார் கோவாப் பக்கத்துக்காரர். வயதானவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் அளந்து அளந்துதான் பேசுவார். "சொல்" என்றார்.

முதல் நாளே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டபோது ஏழு தடவை கோபித்துக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பில் புளி போதவில்லை என்று அண்ணியோடு சண்டை பிடித்தேன். பூசை நேரத்தில் இரண்டு தடவை கொட்டாவி விட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் இருமினார். அது இருமலில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு கடைசிப் பாவத்துக்கு வந்தேன். பதிதர் கோவிலில் கலியாணத்துக்குப் போனேன், பாட்டும் பாடினேன் என்றேன். இருமல் நின்றுவிட்டது.

"அதற்காக மனஸ்தாபப்படுகிறாயா?" என்று கேட்டார்.

இதுதான் இடம் என்று எனக்குத் தெரியும். இங்கேதான் அத்தை கோட்டைவிட்டாள். குறை வைக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"ரொம்ப ரொம்ப மனஸ்தாபம் சுவாமி. அந்தத் தையல் டீச்சர் பண்ணினது பெரிய தப்பு. இனிமேல் நான் அவகூடப் பேசவே மாட்டேன். அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு மெதுவாக, "மகளே, இப்போது உன்னுடைய பாவம் ஏதாவது இருந்தால் சொல்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷத்தில், ரேஷன் சர்க்கரை டப்பாவில் மூன்று தடவை கை விட்டு எடுத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். சீட்டு வரவில்லை. நான் பலகையிலிருந்து இறங்கவில்லை; அப்படியே நின்றேன். கடைசியில் சந்து வழியாக ரோஸ் காகிதத்தின் முனை தெரிந்தது. நான் பிடித்து இழுத்த பிறகும் அவர் விரல் அதை உடனே விடவில்லை.

"நீ வெளியே ஒன்றும் சொல்லாதே. நானும் சொல்ல முடியாது" என்றார்.

அவர் ஏன் சொல்ல முடியாது என்பதை ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவானவரும் வெளியே விடக் கூடாது. வார்த்தையாலும் கூடாது, சாடையாலும் கூடாது. இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை என்றுகூட வாய்திறக்கக் கூடாது, கழுத்தில் கத்தி வைத்தாலும் கூடாது. விசுவாசிகளுக்கு ஆயிரம் ஒழுங்கு என்றால் குருக்களுக்கு இந்த ஒன்றே போதும். அன்று சாயங்காலம் சீட்டின் பின்பக்கத்தில் அத்தையின் பெயரை, அத்தை எழுதுவது போலவே சாய்த்து எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பாஸ்கு திருநாளன்று எனக்கு இருந்த சந்தோஷம் அந்தப் பங்கில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

பாஸ்குக்கு அடுத்த ஞாயிறோடு கெடு முடிந்தது. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடக் கூடத்தில் எங்களைத் தரையில் உட்காரவைத்தார்கள். டீச்சர்கள் சுவரோரமாக நாற்காலிகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சாமியார்தான் மானேஜர். அவர் நடுவில் உட்கார, உபதேசியார் நோட்டையும் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தார். சீட்டுக் கொடுத்த டீச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சாமியார் கையால் ஒரு மாதா படம் வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தை தன் மேசைச் சாமான்களையெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி, காலடியில் வைத்திருந்தாள். அவள் முகம் ஆச்சரியத்தில் எப்படி மாறப்போகிறது என்று பார்க்க நான் முன்வரிசையில் இடம்பிடித்திருந்தேன்.

உபதேசியார் அத்தையின் பெயரை வாசித்தார். கூடம் முழுக்கச் சலசலப்பு. சாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து நின்றாள், ஆனால் படம் வாங்கப் போகவில்லை.

"உபதேசியாரே, அந்தச் சீட்டக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் காட்டினார். அத்தை திருப்பிப் பார்த்தாள். அவள் கண் ஒரு விநாடி என்மேல் வந்து போயிற்று.

"இது என் சீட்டு இல்ல. நான் சீட்டு வாங்கல."

உபதேசியார் நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னா டீச்சர் நீங்க. சீட்டு வந்துட்சி, பேரு கீது, முத்திர கீது. கம்முனு படத்த வாங்கிக்கினு குந்துங்களேன்" என்றார்.

"முத்திரை இருக்கு. நான் போகலியே."

சாமியார் திரும்பினார். "டீச்சர், உட்காருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது. அது போதும்."

"போதாது சாமி" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "நான் மனஸ்தாபப்பட்டேன்னு இந்தச் சீட்டு சொல்லுது. நான் உங்ககிட்ட வந்து மனஸ்தாபப்பட்டேனா? நீங்களே சொல்லுங்க."

சாமியார் வாய்திறக்கவில்லை. வந்தாள் என்றாலும் குற்றம், வரவில்லை என்றாலும் குற்றம். தலையை அசைத்தால்கூட அதுவும் ஒரு சாடை. அந்தக் கிழவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்குக் கண்ணாடிக்குள் போனது, அதைத் துடைக்கவும் கை எழவில்லை. அத்தைக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"அத நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க சாமி" என்றாள். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பி, "என் பேர அடிச்சிடுங்க" என்றாள்.

அவர் அடிக்கவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு சாமியாரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, குனிந்து, தன் பெயரைத் தானே அடித்தாள். எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைப்போல, கோணாமல், ஒரே கோடாக அடித்தாள். இன்றைக்கு நினைத்தால் எழுந்து நின்று கைதட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வகுப்புக்கு வந்து எட்டாம் வாய்ப்பாட்டை எடுத்தாள். மத்தியான மணி அடிக்கும் முன்பு சாமியார் வாசலில் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை.

"மகளே, எனக்கு நீ ஒரு வழியும் விடவில்லை" என்றார்.

"நீங்களும் எனக்கு விடலியே சாமி" என்றாள் அத்தை.

அவர் கையை உயர்த்தி எங்களை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அந்த ஆசீர்வாதம் யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்ததும் அத்தை துணிப்பையை எடுத்துக்கொண்டு, ஒன்பது வருஷம் நடந்த வழியில் நிமிர்ந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் அம்மா அடுப்பங்கரையில் அழுதாள். அப்பா ஆபீசிலிருந்து வந்து விஷயம் கேட்டு, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். தானாகக் கிடைத்த சீட்டை வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு என்ன திமிர் என்று சுவரைக் கேட்டார். அத்தை பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். இப்போது அடி விழப்போகிறது என்று நான் கிணற்றுக்குப் பின்னால் நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போனேன்.

"உக்காரு. எழுதறப்ப கொம்புக்கு வால் வெக்கறது நம்ம வகுப்புல நீ ஒருத்திதான்" என்றாள்.

"அடிப்பீங்களா அத்தை?"

"இல்ல. உள்ள போய் என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லு."

நான் சொன்னேன். ஏழு தடவை கோபித்துக்கொண்டதைச் சொன்னபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கருவாட்டுக் குழம்புக்கு வந்தபோது அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அது உங்கம்மா சொல்ல வேண்டிய பாவம்டி" என்றாள். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குத் தைரியம் வந்தது. முட்டி இடிக்க நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"அப்புறம்?"

"கலியாணத்துக்குப் போனதச் சொன்னேன். மனஸ்தாபமான்னு கேட்டார். நீங்க மாட்டிக்கிட்ட எடம் அதுதானே அத்தை. அதனால நல்லா அழுத்திச் சொன்னேன். ரொம்ப ரொம்ப மனஸ்தாபம்னேன். தையல் டீச்சர் பண்ணினது பெரிய தப்பு, இனிமே அவகூடப் பேசவே மாட்டேன், அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். அப்புறந்தான் சீட்டு குடுத்தார். சரியாத்தானே சொன்னேன்?"

அத்தையின் கை முறத்தில் நின்றுவிட்டது. பிறகு அழுதாள். வெறுங்கையோடு கோவிலிலிருந்து வந்த அன்று அவள் அழவில்லை. தன் பெயரைத் தானே அடித்தபோது அழவில்லை. இப்போது புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

வேலை போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். காலையில் வந்திருக்க வேண்டிய அழுகை சாயங்காலம் வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்பது நாள் அப்பா சொல்லியும் அம்மா சொல்லியும் சாமியார் சொல்லியும் அவள் சொல்ல மறுத்த அந்த ஒன்றை, அவள் பெயரைச் சொல்லி நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ராயப்பேட்டையில் காலியாகக் கிடந்த அந்தப் பெஞ்சில் நின்ற ஒரே ஆளையும் எழுப்பி வெளியே அனுப்பியிருந்தேன். இதெல்லாம் எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை அழுகிறாள், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அவள் முழங்காலில் கைவைத்து, "அழாதீங்க அத்தை. அடுத்த வருஷமும் உங்களுக்காக நானே போய்ட்டு வரேன்" என்றேன்.